ப்ளண்டர் என்று சொல்லிவிட்டுப் போன மகனுக்கு

தம்பி,

இதை எழுதி முடித்ததும் உன் தங்கை போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும், "மீட்டிங்ல இருக்கேம்பா" என்கிறாய். கடையைப் பூட்டிவிட்டு மெட்ராசில் சிநேகிதன் ரூமில் படுத்துக்கிடக்கிறவனுக்கு என்ன மீட்டிங் என்று உன் அம்மா கேட்கிறாள். எனக்குக் கேட்கக்கூடத் தெம்பில்லை. காலையில் ஒரு வீட்டில் பந்தல் பிரித்தேன், மத்தியானம் இன்னொரு வீட்டில் போட்டேன். முன்னெல்லாம் கம்பத்தின் மேலே ஏறி நின்றுகொண்டு கீழே இருப்பவனைத் திட்டுவேன். இப்போது கீழே நின்றுகொண்டு மேலே இருப்பவனைத் திட்டுகிறேன், அதற்கே மூச்சு வாங்குகிறது. அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதுகிறேன். இதை யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. நீயும் ஊரே பார்க்கிற மாதிரி ஸ்டேட்டஸில்தானே மன்னிப்பு கேட்டாய்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தேவராசுவுக்குக் காரியம். நீ வரவேண்டும். சாப்பாட்டுப் பந்தியில் வந்து உட்காரச் சொல்லவில்லை. அதற்கு முன்னாலேயே வந்து, அந்த வீட்டுக்குள் போய், அவர் பெண்சாதி பச்சையம்மாவுக்கு எதிரில் உட்காரவேண்டும். "அதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டனேப்பா, ப்ளண்டர் ஆயிடுச்சின்னு" என்பாய். நீ ஊரைவிட்டுப் போனதிலிருந்து இந்த ஒரு வார்த்தைதான் என் காதில் ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ பார்த்தது உன் கடையிலிருந்து. நான் இரண்டு பந்தலிலும் நின்று பார்த்தவன். சோரியாங்குப்பத்தில் வரதராஜு மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். அவருடைய அக்கா பிள்ளைகள் உன்னிடம் பேனர் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின நாள் கரும்பு வெட்டுகிற தேவராசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனார். அவர் மகள் செல்வி, அழுது வீங்கிய முகத்தோடு உன் கடைக்கு வந்து, கடைத்தெருவுக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக அஞ்சலி பேனர் சொன்னாள். இரண்டு பேரும் வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, பின்னால் ஸ்டுடியோக்காரனின் நீலத் திரை. நீ கம்ப்யூட்டரில் இவர் முகத்தை அதிலும் அவர் முகத்தை இதிலும் ஒட்டிவிட்டாய். பெயரெல்லாம் சரியாக இருந்தது. வில்லியனூருக்கு அனுப்பி பிரிண்ட் எடுத்து, சுருட்டி வந்த பேனரைச் சுருட்டியபடியே இரண்டு கோஷ்டியிடமும் கொடுத்தாய். அவர்களும் இருட்டோடு இருட்டாகக் கட்டிவிட்டுப் போனார்கள். நம் பக்கத்தில் பேனரில் பெயரை யார் படிக்கிறார்கள்? முகத்தைப் பார்க்கிறார்கள், கீழே வரிசையாகக் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்கிற பையன்களில் நம் வீட்டுப் பையன் இருக்கிறானா என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

விடிந்தால், பாகூர் கடைத்தெருவில் கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே வரதராஜு மாமா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கடலூரிலிருந்து சீர்த்தட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கிய அவருடைய சித்தி மகள், தட்டை ரோட்டிலேயே வைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழுதாளாம். யாரோ ஆட்டோவில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். வழியெல்லாம் ஒப்பாரி வைத்துக்கொண்டு பந்தலில் வந்து இறங்கினால், மாமா பட்டு வேட்டி கட்டி மாலையோடு மணையில் உட்கார்ந்திருக்கிறார். "அய்யய்யோ, எண்ணே, நீ உசுரோடவா கீற?" என்று அவள் கத்தினதில் நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து குழலை எடுத்துவிட்டுச் சிரித்தார். மாமாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். "எமனுக்கே அட்ரஸ் மாறிடுச்சிடி. இனிமே எனக்கு ஆயுசு கெட்டி" என்றார். நீ அடித்துப்பிடித்து ஓடிவந்து அவர் காலில் விழுந்தபோது, "போடா பொழைக்கத் தெரியாதவனே, எய்ந்திரு, போய்ச் சாப்புடு" என்று உன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாரே, அதோடு அந்த வீட்டுக் கணக்கு முடிந்துவிட்டது. எனக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் நீ வருவதற்கு முன்னால் அந்தப் பந்தல் வாசலில் நடந்த ஒன்றை நீ பார்க்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. மணிவிழா பேனரில் மாமாவின் பெண்சாதி அம்சா அத்தைக்குப் பக்கத்தில் அவர் இல்லை, தேவராசு இருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து மேலே "பல்லாண்டு வாழ்க" என்று போட்டிருந்தாய். முதலில் யாருக்கும் யாரென்று புரியவில்லை. அப்புறம் ஒருத்தன், "டேய், இது நேத்து செத்தவன்டா" என்றான். அவ்வளவுதான். மாமாவின் அக்கா மகன் ஒரே இழுப்பில் பேனரைக் கிழித்துக் கீழே போட்டான். உள்ளேயிருந்து ஒரு அம்மா சாணித் தண்ணீரைக் கொண்டுவந்து அந்த முகத்தின் மேல் ஊற்றினாள். இன்னொருத்தி துடைப்பத்தை எடுத்து அடித்தாள். கல்யாண வாசலில் சாவு முகம் நின்றதற்குக் கழிப்பு என்றார்கள். அம்சா அத்தை மட்டும், "ஏன்டி, பாவம்டி, வுட்டுடுங்கடி" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். கொட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. நான் பத்தடி தூரத்தில் நின்றேன். பேனரை இழுத்த இழுப்பில் என் முன்கம்பம் சாய்ந்துவிடுமோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தேவராசு எனக்குத் தெரிந்தவர். குறுக்கே போகவேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் தேவராசு வீட்டுக்கு நம் சாமியானாவும் நாற்காலியும் எடுக்கப் போனேன். அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்திருந்தார்கள். தலைமாட்டில் கட்டின பேனர்மேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடியிருந்தார்கள். செல்வி மூடினாளாம். பின்னே என்ன செய்வாள்? காலமெல்லாம் யாருடைய கரும்பை வெட்டினாரோ அவருடைய முகம் அப்பாவின் சாவில் சிரித்துக்கொண்டு நிற்கிறது. வந்தவன் போனவன் எல்லாம் பிணத்தை ஒரு பார்வையும் பேனரை ஒரு பார்வையும் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு போனார்களாம். அதோடு விட்டதா? சோரியாங்குப்பத்தில் துடைப்பத்தால் அடித்ததை ஒரு புண்ணியவான் போனில் பிடித்து அனுப்பியிருக்கிறான். பாடை கட்டிக்கொண்டிருக்கும்போதே அது அந்த வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பச்சையம்மாவுக்குக் காட்டவேண்டாம் என்று செல்வி எவ்வளவோ தடுத்திருக்கிறாள். யாரோ காட்டிவிட்டார்கள்.

நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பச்சையம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தது. அழவில்லை. நம்மேல் மண்ணை வாரித் தூற்றும் என்று எதிர்பார்த்தேன், அதுவும் இல்லை. "எண்ணே, உம் புள்ள போன்ல இன்னாவோ போட்டுருக்குதாமே, செல்வி சொல்லுச்சி. ப்ளண்டராமே. அப்டின்னா இன்னாண்ணே அர்த்தம்?" என்று கேட்டது. "தப்புன்னு அர்த்தம்மா" என்றேன். "அப்ப தப்புன்னே சொல்லியிருக்கலாமேண்ணே. அத்த வந்து எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றது. நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அந்த வீட்டு வாடகையை நான் வாங்கவில்லை. நீ கேட்பாய் என்பதற்காகச் சொல்லவில்லை. அது போதாது என்று தெரிந்ததால் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து உன் தங்கையைக் கேட்டேன், அந்த வார்த்தைக்கு நிஜமாகவே என்ன அர்த்தம் என்று. காலேஜில் இங்கிலீஷ்தானே படிக்கிறாள், பீஸ் கட்டுகிறதுக்கு அதாவது தெரியட்டும். கவனமில்லாமல், யோசிக்காமல், தத்துப்பித்தென்று செய்கிற பெரிய பிழையாம். வேண்டுமென்று செய்தால் அந்த வார்த்தை வராதாம். ரொம்பப் பழைய காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு தடுமாறி நடப்பதைத்தான் அப்படிச் சொன்னார்களாம். சரி, அந்த மட்டில் நீ சொன்னது பொருத்தம்தான். நீ வேண்டுமென்று செய்யவில்லை. அது எனக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும். உன்மேல் யாரும் கேஸ் போடவில்லை. ஆனால் அகராதியில் அர்த்தம் ஒன்று இருந்தாலும், நம்மூரில் அதை எப்படிப் புழங்குகிறோம் என்று நான் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். அடுத்தவன் செய்தால் "ப்ளண்டர் மிஸ்டேக்" என்று இரண்டு வார்த்தையைச் சேர்த்துப் போட்டு அடிப்போம். நாம் செய்தால், "சின்ன மிஸ்டேக் ஆயிடுச்சி சார்." ஒரு ஆபீசில் என் அப்பா பெயரை மாற்றிப் போட்டுவிட்டு, "ப்ளண்டர்தாங்க, மாத்திக்கலாம் வுடுங்க" என்று சிரித்தார்கள். சொன்னவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். மாற்றுவதற்கு அலைந்தவன் நான். அந்த வார்த்தையைச் சொல்கிறவன் ஒரு அடிகூட நகரவேண்டியதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

உனக்கு அது எங்கேயிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். கடையில் வேலையில்லாதபோது போனில் செஸ் ஆடிக்கொண்டிருப்பாயே, அதில் ஒரு காயை ஏமாந்து நகர்த்தினால் சிவப்பாக வந்து நிற்குமே, அந்த வார்த்தைதான். நான் டீ வாங்கிக்கொண்டு வந்து உன் பின்னால் நின்றபடி, "இன்னாடா அது, செவப்பா மெரட்டுது?" என்று கேட்டதற்கு, "தோக்கற மாதிரி ஆடிட்டேன்பா, அதான் திட்டுது" என்று சொல்லிச் சிரித்தாய். உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டாய். அந்த ஆட்டத்தில் அது நல்ல வார்த்தைதான் தம்பி. ஏனென்றால் அதில் காய் உன்னுடையது, தோற்பவனும் நீதான். உன் பிழையால் உனக்கே நஷ்டம் என்றால் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள். அடுத்த ஆட்டத்துக்குப் போ. இங்கே அடிபட்ட முகம் உன்னுடையது இல்லையே.

உன் அம்மா செய்தது ஞாபகம் இருக்கிறதா? வில்லியனூரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்டபம். என் சித்தப்பா பேத்தி கல்யாணம் என்று பட்டுப் புடவை சரசரக்க உன்னை இழுத்துக்கொண்டு முன்னால் போனவள், தப்பான மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டாள். முன்வரிசையில் உட்கார்ந்து, தாலி கட்டும்போது அட்சதை போட்டு, பொண்ணுக்கு மூக்கு எடுப்பாக இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் பேசி, மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டும் முடித்துவிட்டாள். நான் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்து மண்டபத்தில் உங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நீ கையில் ஒரு ஐஸ்கிரீமும் வாயில் ஒரு ஐஸ்கிரீமுமாக வெளியே வந்து, "நைனா, சாப்பாடு சூப்பர்" என்றாய். இன்றைக்கும் அதைச் சொன்னால் அவள் முகத்தை மூடிக்கொள்கிறாள். அது ப்ளண்டர். வாய்விட்டுச் சிரிக்கலாம், பேரன் பேத்திக்குச் சொல்லலாம். முன்பின் தெரியாத ஒரு ஜோடிக்குக் கூடுதலாக ஒரு வாழ்த்துக் கிடைத்தது, அவ்வளவுதான்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் தெருவில் குழி தோண்டித்தான் பந்தல்கால் நடுவோம். இப்போது மாதிரி மண் நிரப்பின டின்னில் பைப்பை நிறுத்துகிற வழக்கம் அப்போது இல்லை. ஒரு கல்யாண வீட்டுக்குக் குழி போடும்போது கடப்பாரை பக்கத்து வீட்டுக் குடிதண்ணீர்க் குழாயில் இறங்கிவிட்டது. தெருவே குளமாகிவிட்டது. கல்யாண வீட்டுக்காரர், "வுடுப்பா, கை தவறி நடக்கறதுதான், நீ வேலயப் பாரு" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் குழாய் அவர் வீட்டுக் குழாய் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண், குடத்தோடு வாசலில் வந்து நின்றது. எனக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் நின்றதால் ஓட முடியவில்லை. குடத்தை வாங்கிக்கொண்டு போய்த் தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் பிடித்துவந்து கொடுத்தேன். குழாய் சரியாகும்வரை அந்த வீட்டுக்குத் தண்ணீர் எடுத்தேன். அதில் பெருமை ஒன்றும் இல்லை. மன்னிக்கிறவர் ஒருத்தர், அவதிப்படுகிறவர் இன்னொருத்தர் என்று அன்றைக்குப் பார்த்ததைத்தான் உன் விஷயத்திலும் பார்க்கிறேன்.

நீ மன்னிப்பு கேட்டது யாரிடம் என்று யோசித்துப் பார். வரதராஜு மாமாவிடம் காலில் விழுந்து கேட்டாய். அவர் அக்கா பிள்ளைகளிடம் கேட்டாய். வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்தாய். ஸ்டேட்டஸில் கைகூப்பின பொம்மையோடு ஊரிடம் கேட்டாய். உன் சிநேகிதர்கள் சிரிக்கிற பொம்மை போட்டார்கள், ஆறுதல் சொன்னார்கள். தேவராசு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. நீ கெட்டவன் என்று நான் சொல்லவில்லை தம்பி. அந்த வீடு உன் கண்ணிலேயே படவில்லை. உயிரோடு இருப்பவனைச் செத்தவன் என்று போட்டதுதான் பெரிய விஷயம், செத்தவனுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்துவிட்டாய். அந்தப் பேனரைக் கிழித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ரெண்டு பேரும் அச்சு அசல் ஒரே மாதிரி இருந்தாங்கம்மா" என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். எந்த ஊரில் ஒரே மாதிரி? வரதராஜு மாமாவுக்குக் கன்னம் இரண்டும் பூரி மாதிரி உப்பியிருக்கும். தேவராசுவுக்குக் கன்னமே கிடையாது. புருவத்தில் கரும்புச் சோகை கிழித்த தழும்பு, வெயிலில் சுருங்கின கண். கரும்பு லோடு ஏற்றுகிற இடத்தில் பத்துப் பேர் வரிசையாக நின்றாலும் முதுகை வைத்தே நான் அவரை அடையாளம் சொல்லுவேன். நீ பார்த்தது வெள்ளைச் சட்டையைத்தான். ஒரு தரம், ஒரே ஒரு தரம் முகத்தை நின்று பார்த்திருந்தால் போதும். தினமும் முகங்களை வெட்டி ஒட்டுகிற தொழில் உனக்கு. கல்யாணம், காதுகுத்து, சாவு என்று வருகிற முகத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருக்கும். எனக்கும் பந்தல் அலுத்துப்போயிருக்கிறது, அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர்களுக்கு அந்த ஒரு முகம்தானே.

நீ ஏன் ஓடினாய் என்பதும் எனக்குத் தெரியும். உன் பேனரை வைத்துப் பையன்கள் காமெடி பண்ணினார்கள். கடைப் பக்கம் போகிறவனெல்லாம், "எங்க ஐயாவுக்கு இன்னும் காலம் வரலப்பா, பாத்துப் போடு" என்று கிண்டலடித்தான். அதற்குத்தான் உனக்கு அவமானமாக இருக்கிறது. இளவட்டம், ரோஷம் இருக்கத்தான் செய்யும். அந்தச் சிரிப்பெல்லாம் அடுத்த கோயில் திருவிழா வந்தால் அடங்கிவிடும், வேறொருத்தன் மாட்டுவான். சிரித்தவர்களுக்குப் பயந்து ஊரைவிட்டே போய்விட்டாய். சிரிக்காத ஒருத்தி இங்கே இருக்கிறாள் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் பண்ணுகிறது. உன்மேல் கோபம் இல்லையென்று எழுதலாம் என்று நினைத்தேன். இருக்கிறது. அதைவிட அதிகமாக நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் அம்மா இன்னும் உனக்கும் சேர்த்துத்தான் உலை வைக்கிறாள், மிஞ்சினதைக் காலையில் எனக்குக் கொட்டுகிறாள்.

நேற்றுச் செல்வி நம் வீட்டுக்கு வந்தாள். திருவாண்டார்கோயில் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிற பெண், ஷிப்ட் முடித்து யூனிபார்மோடு அப்படியே வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மாமா, கடைய எப்பத் தெறப்பாரு?" என்று கேட்டாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து உன் அம்மா கதவோரம் வந்து நின்றுகொண்டாள். "சண்டைக்கு வரல மாமா. எங்கப்பா போட்டோ உள்ள மாட்டிகினு கீது" என்றாள். அன்றைக்கு அவள் கொடுத்த போட்டோவை ஸ்கேன் பண்ண மிஷின் மூடிக்குள் வைத்தாயாம். அவசரத்தில் அவளும் திருப்பிக் கேட்கவில்லை, நீயும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. மாலை போட அவர்களிடம் படம் இல்லை. போனில் யார் படம் பிடித்தாலும் தேவராசு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார், எனக்கே தெரியும். முதியோர் பென்ஷனுக்காக அவரைப் பிடித்து உட்காரவைத்து ஸ்டுடியோவில் எடுத்த ஒரே படம் அதுதானாம். ஆதார் கார்டில் இருக்கிறதைப் போட்டுக்கொள்ளலாமே என்று நான் சொல்லித் தொலைத்தேன். "அதுல இருக்கறது எங்கப்பா மாதிரியே இல்ல மாமா. மறுபடியும் வேற ஆளு மாதிரி ஒரு மூஞ்சிய வெச்சிட்டு எங்கம்மாவ உக்கார வெக்கச் சொல்றீங்களா?" என்றாள். தலையைக் குனிந்துகொண்டேன். போகும்போது, "அம்மா கேக்கச் சொல்லல. அது கேக்காது. நாந்தான் வந்தேன்" என்றாள்.

உன் கடைக்கு மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது. உனக்கும் அது தெரியும். செல்வி கேட்டதும் எழுந்து போய்த் திறந்து எடுத்துக் கொடுத்திருக்கலாம், நடந்தே போகிற தூரம்தான். நான் போகவில்லை. "அவன் வந்து குடுப்பாம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். நீ வந்து, கடையைத் திறந்து, அந்தப் படத்தை எடுத்து, முதலில் நீ அதை ஒழுங்காகப் பார். அவசரப்படாதே. பிறகு பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, நீயே தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போ. நான் கூட வரமாட்டேன், உன் அம்மாவும் வரமாட்டாள். பச்சையம்மா உன்னைத் திட்டலாம், திட்டாமலும் இருக்கலாம், கதவைச் சாத்தினாலும் சாத்தலாம். எது நடந்தாலும் அங்கே இங்கிலீஷ் பேசாதே. "தப்பு பண்ணிட்டேம்மா" என்று சொல். அதற்குமேல் உனக்குச் சொல்ல ஒன்றும் வராது. வரவும் வேண்டாம்.

சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். கடைசி பஸ் வந்து போகிறவரை கடைப்பக்கம்தான் இருப்பேன். அதற்குமேல் அந்தப் பெண்ணைக் காக்கவைக்க எனக்கு உரிமை இல்லை. நானே சாவி போட்டுத் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்துவிடுவேன். அவர்களுக்குப் படம் கிடைத்துவிடும், ஞாயிற்றுக்கிழமைக் காரியமும் நல்லபடி நடந்துவிடும். அதற்கப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்க உனக்கு ஒரு காரணமும் இருக்காது தம்பி.

உன் அப்பா